இலஞ்சியில் ஈரமில்லாத சாரல்

1974 ஆனி மாதம் இரண்டாம் வாரத்தில், பூமியின் காந்தப் புலத்தில் வட துருவத்துக்கு மேல் இருக்கவேண்டிய துளை இடம்பெயர்ந்து, குற்றாலத்தை அடுத்த இலஞ்சியில் தங்கபுஷ்பத்தின் முற்றத்துக்கு நேர் மேலே வந்து நின்றது. சூரியனிலிருந்து கிளம்பிய மின்னூட்டத் துகள்கள் அதன் வழியே இளம்பச்சை வெளிச்சமாகச் சுழன்று இறங்கின. பக்கத்து வீட்டில் ஒன்றும் விழவில்லை. தங்கபுஷ்பம் தென்காசிப் பள்ளியில் தையல் டீச்சர். தனியாக இருந்தாள். முற்றத்தைக் காலையும் மாலையும் கழுவுகிறவள். வெளிச்சம் கறை வைக்கவில்லை என்பதால் முதல் மூன்று நாள் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

அந்த வருடம் குற்றாலத்தில் சாரல் பொய்த்தது. அருவி, பாறையில் ஈரக்கோடாக நின்றது. குளிக்க வந்தவர்களோ தலைமுதல் கால்வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டுவிட்டார்கள்; அப்படியே ஊர் திரும்ப முடியாது. எண்ணெய் தேய்த்துவிடும் சுடலைமாடன் அவர்களை இலஞ்சிக்குக் கூட்டிவந்தான். வெளிச்சத்தின் கீழ் நின்றால் மயிர் சிலிர்க்கும். பிறகு எண்ணெயும் அழுக்கும் உடம்பை விட்டுப் பறந்து வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆள் துண்டு நனையாமல் சுத்தமாகப் போவான். ஊர் அதையும் சாரல் என்றே சொன்னது. மறு வருடம் அருவியில் தண்ணீர் விழுந்தும் கூட்டம் இங்கே வந்தது. பஞ்சாயத்து வரிசைக்குக் கயிறு கட்டிக் கொடுத்தது. வாசலில் பஜ்ஜிக் கடை வந்தது. சுவரில் பொடுகு, மயிர், புண்ணிலிருந்து உரிந்த பொருக்கு. உப்புச் சாடியிலும் தலையணையிலும் அதே பிசுக்கு. தங்கபுஷ்பம் சலவைச் சோடா போட்டுத் தேய்ப்பாள். மறுநாள் புதிய முதுகுகள் வரும்.

"ஊருக்கே கிடைக்காத சாரல் ஒங்க முத்தத்துல கொட்டுது. மூஞ்சியச் சுளிக்கியளே டீச்சர்" என்றான் சுடலைமாடன்.

"ஏலே, இந்தச் சுவர ஒரு தடவ நக்கிப் பாரு. அப்பறம் சாரல்னு சொல்லு."

1977இல் தில்லைநாயகம் என்ற காந்தப்புல ஆய்வாளர் கருவிகளோடு வந்து நான்கு நாள் அளந்தார். இது துருவத்தில் இருக்கவேண்டியது, அங்கே புனல் மாதிரி ஒரு வாசல் உண்டு என்றார்.

"அப்பம் அங்கனயே கொண்டு போயிருங்க சார். நான் கேட்டு வாங்கலையே."

போகிற அன்று அவர் கருவிகளைப் பெட்டியில் வைத்துவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சுடலைமாடனிடம் முதுகைக் காட்டினார். அவருடைய எண்ணெய் சமையலறைச் சுவரில் போய் ஒட்டியது.

1981இல் அவளுக்கு டைபாய்டு வந்தது. ஐம்பது நாள் தென்காசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்தபோது சுவரெங்கும் பிசுக்கு விரல் கனத்துக்கு மஞ்சளாக உறைந்திருந்தது. அதில் ஈக்கள் ஒட்டியிருந்தன. வெளிச்சம் கூரை ஓட்டின் உயரம் வரை இறங்கி, தரையைத் தொடாமல் மேலே திரும்பிக்கொண்டிருந்தது. கூட்டம் ஐந்தருவிக்குப் போய்விட்டது. கயிறு மட்டும் இருந்தது. தில்லைநாயகத்துக்குக் கடிதம் போட்டாள். துருவத்திலும் பாதித் துகள்கள் இறங்கி வந்து திரும்புவதுதான் வழக்கம் என்று தபால் அட்டையில் பதில் வந்தது.

அன்றே சோடாவும் தேங்காய் நாரும் எடுத்துச் சுவரில் உள்ளங்கை அகலம் தேய்த்தாள். வெள்ளை தெரிந்தது. அதே அகலத்துக்கு வெளிச்சம் தரைக்கு இறங்கியது. ஒரு மணி நேரத்தில், தலையில் எண்ணெய் வழிய ஒருவன் வாசலில் நின்றான்.

"டீச்சர், ஒரு ஆளு நிக்க எடம் இருக்கும் போலுக்கே?"

கதவைச் சாத்தினாள். சமையலறையிலிருந்து நல்லெண்ணெயை எடுத்துவந்து, கழுவிய இடத்தில் தன் கையாலேயே பூசினாள். யாரோ ஒருவரின் மயிர் விரலில் சுற்றிக்கொண்டது. வெளிச்சம் மேலே ஏறியது.

அதற்குப் பிறகு அவள் சுவரைக் கழுவவில்லை. ஒவ்வொரு ஆனியிலும் உரிந்த இடம் பார்த்து, கூட்டத்தோடு ஐந்தருவிக்குப் போய்விட்ட பஜ்ஜிக் கடையிலிருந்து காறல் எண்ணெயை வாங்கிவந்து ஒட்டுப்போட்டாள். 1988இல் ஓய்வு பெற்று, பகல் முழுதும் வீட்டிலேயே இருந்தாள். வெளிச்சம் ஓட்டுயரம் வரை வரும், திரும்பிப் போகும். சாப்பிடும்போது மட்டும் இடது கையால் மூக்கைப் பிடித்துக்கொள்வாள்.