சம்ப்புக்கு ஓர் இடம், வின்னிக்கு ஒரு நாற்காலி

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவர், பழைய தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் வண்ணமீன் விற்பவர். "தொட்டிக்கு எல்லாரும் எடம் பாத்துடறாங்க சார். சம்ப்புக்குத்தான் எவனும் பாக்கறதில்ல" என்றார். தொட்டியின் அழுக்குத் தண்ணீர் இறங்கி, வடிகட்டப்பட்டு, மோட்டார் வழியாகத் திரும்ப மேலேறும் கீழ்த்தொட்டிதான் சம்ப். அதற்கு இடம் தேடி அலைய ஊரிகம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு ஏனோக்கை நியமித்தேன்.

2

முதல் தொடக்கம்: 'பொன் விளைந்த பூமியில் இன்று மீன்கள்—' அடித்துவிட்டேன். இந்த ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே பொன்னை எடுக்காமல் எங்களுக்குச் சோறு இறங்காது.

இரண்டாவது: வேலை முடிந்து பெங்களூர் ரயிலில் நின்றபடியே வந்து இறங்கிய ஏனோக்கின் மனைவி வின்னி, வீட்டுக்குள் நுழைந்தாள். ஜன்னலோரம் அவள் நாற்காலி இல்லை, சம்ப் இருந்தது.

(அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்த நாற்காலி ஒன்றுதான். வந்ததும் உட்காருவாள். காப்பி தீரும்வரை அவள் யாருக்கும் மனைவியில்லை, மருமகளில்லை. கதைக்கு இது அவசியமில்லை என்பதால் அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறேன்.)

3

நடந்தது இதுதான். சம்ப், மீன்தொட்டியின் ஸ்டாண்டுக்குள் இருக்கவேண்டியது. ஏனோக் அளக்காமலே செய்யச் சொல்லிவிட்டான்; நுழையவில்லை. கட்டிலடியில் டிரங்குப் பெட்டி, சமையல் மேடையடியில் சிலிண்டர். சுரங்கத்தில் வேலை பார்த்த அவன் அப்பா பர்னபாஸ் தரையைக் குதிகாலால் தட்டிப் பார்த்தார்.

"எடம் இல்லன்னா இன்னாடா? கீழ போ. ஒரு ஷிப்டுல தோண்டிடலாம்."

"பக்கத்து வூட்டு சொவுரு வந்துடும் நைனா."

"டிம்பர் முட்டு குடுத்துக்கலாம்."

(இங்கே பொன் கிடைத்ததாக ஒரு பத்தி எழுதினேன். எனக்கே வெட்கமாக இருந்தது.)

கடைசியில், தோண்டுவதைவிட நாற்காலியை வாசலில் தூக்கிப் போடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

4

"என் சேர் எங்க?" என்றாள் வின்னி.

"வெளிய கீது. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ வின்னி. மீனுங்களுக்கு பக்கெட்ல மூச்சு முட்டுது."

"எனக்கு முட்டல?"

ஏனோக் பக்கெட்டின் பக்கம் குனிந்தான். அவனுக்கு வசனம் நான் எழுதித் தரவில்லை.

முடிவு அ: ஏனோக் மனம் திருந்தி— யார் நம்புவார்கள்?

முடிவு ஆ: வின்னி சம்ப் மூடிமேலேயே உட்கார்ந்து சிரிக்கிறாள். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும், சம்ப்பின் கண்ணாடி தாங்காது.

5

வின்னி வாசலுக்கு வந்தாள். "கொஞ்சம் எழுந்துக்கறீங்களா சார்?"

இத்தனை நேரமும் நான் உட்கார்ந்து எழுதியது அவள் நாற்காலியில்தான். எழுந்தேன். வேறென்ன செய்ய?

அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்ச் சம்ப்பின் எதிரில் நிற்கிறாள். ஏனோக்கின் விரல் மோட்டார் சுவிட்சில்; போட்டால் சம்ப் அந்த இடத்தைவிட்டு நகராது. "போடட்டுமா?" என்று என்னைப் பார்க்கிறான், நான் உங்களைப் பார்க்கிறேன். போடச் சொல்பவர்கள், அவள் எங்கே உட்காருவாள் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.