கோபநாளின் பாட்டு

கான்ட்ராக்டர் அஸ்கானியோ செத்துப்போனார் என்று மாதாகோயில் மணி சொன்னபோது பான்ஃபிலோ பாதிச் சவரத்தில் இருந்தான். மீதிக் கன்னத்தையும் நிதானமாக மழித்தான். இருபது வருஷமாகக் காத்திருந்த சாவு. இனி என்ன அவசரம்?

அடக்கப் பூசையில் பாடுவது அவன்தான். கடவுளின் கடைசித் தீர்ப்பு நாளைப் பற்றிய கோபநாளின் பாட்டு, பக்கத்து மலையூர்த் துறவி ஒருவர் அந்தக் காலத்தில் எழுதியது என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். உலகம் சாம்பலாகும், எக்காளம் ஊதும், ஒளித்துவைத்த பாவம் எல்லாம் வெளியே வரும். லத்தீன் யாருக்குப் புரிந்தது? ஆனால் படியிறங்குவது போல இறங்கும் அந்த ராகத்தைக் கேட்டால் போக்கிரியும் தலை குனிவான்.

அஸ்கானியோ மட்டும் குனியவில்லை. அவர் கட்டிய உளுத்த சாரத்திலிருந்து விழுந்து செத்தவன் பான்ஃபிலோவின் அண்ணன் சபாத்தினோ. ஒயினில் தண்ணீர் கலந்து குடிக்கிற அந்த மனுஷனை, குடிபோதையில் ஏறினான் என்று கோர்ட்டில் சத்தியம் செய்தார். அதற்கு முன்னால், அண்ணனின் அடக்கத்தன்று, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டு முழுவதையும் கேட்டார். தீர்ப்பெல்லாம் செத்தவனுக்குத்தான் என்பது போல. உனக்கும் ஒருநாள் பாடுகிறேன் என்று பான்ஃபிலோ அன்றே கறுவிக்கொண்டான்.

புதுச் சாமியார் லிவியோ கையை விரித்தார்.

"அந்தப் பாட்டு இனிமே கிடையாதுங்க. ரோம்லேர்ந்து உத்தரவு. சாவுலயும் நம்பிக்கையாப் பாடணுமாம். அல்லேலூயா பாடிடலாம், பசங்க கிட்டார் வாசிப்பாங்க."

"எங்கண்ணனுக்குத் தீர்ப்பு, அஸ்கானியோவுக்கு அல்லேலூயாவா சாமி?"

"அந்த ராகத்தை இப்போ பேய்ப் படத்துலதான் போடுறான்."

"நானும் பேய்க்குத்தான் சாமி பாடக் கேக்குறேன்."

சாமியார் சிரித்தார். சம்மதிக்கவில்லை.

வீட்டில் அண்ணி தொமித்தில்லா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, "விடு தம்பி, செத்தவன் காதுல என்ன விழப்போவுது?" என்றாள்.

"ஊர் காதுல விழும் அண்ணி."

அடக்கத்தன்று வேதவாசகம் முடிந்து, கிட்டார்க்காரர்கள் சுருதி சேர்க்கும்போது பான்ஃபிலோ எழுந்து ஆரம்பித்தான். சாமியார் கையைக் காட்டினார், அவன் பார்க்கவில்லை. அவன் ஒரு பத்தி, கறுப்புச் சால்வைப் பெண்கள் ஒரு பத்தி என்று மாற்றி மாற்றிப் பாடுவது வழக்கம். அவர்களும் பழக்கத்தில் பின்தொடர்ந்தார்கள். கோயில் அதிர்ந்தது. பான்ஃபிலோவுக்கு அப்படி ஒரு சந்தோஷம், வெட்கமே இல்லாத சந்தோஷம்.

அந்தப் பாட்டில் ஒரே ஒரு தொல்லை உண்டு. அது கோபத்தில் முடியாது. போகப்போகக் கெஞ்ச ஆரம்பித்து, கடைசியில் செத்தவனுக்கு இளைப்பாற்றி, அதாவது நித்திய நிம்மதி, கேட்கும். அதை அஸ்கானியோவுக்குக் கேட்கிற உத்தேசம் அவனுக்கு இல்லை. தண்டனைக்குத் தப்புவது ஒன்றுமில்லை என்ற இடத்தோடு நிறுத்திவிடுவதென்று முடிவு செய்திருந்தான். அந்தச் சொல்லோடு பெட்டி குழிக்குப் போகட்டும்.

பெண்கள் பாடிய பத்தி அந்தச் சொல்லோடு முடிந்தது. அடுத்து அவன் முறை. பாடவில்லை. பிறகு மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு குரல் அவன் பத்தியை எடுத்தது. நடுங்கினாலும் சுருதி தப்பாத குரல். தொமித்தில்லாவின் குரல்.

அவள் ஒன்று, பெண்கள் ஒன்று என்று கெஞ்சிக் கெஞ்சிப் பாடி, அஸ்கானியோவுக்கு இளைப்பாற்றி கேட்டு, ஆமென் சொல்லி முடித்தார்கள்.

வாசலில் அஸ்கானியோவின் மகன் பான்ஃபிலோ, தொமித்தில்லா இருவர் கையையும் பிடித்துக்கொண்டான். "அப்பாவுக்காகப் பழைய பாட்டையே முழுசாப் பாடிட்டீங்க. மறக்கமாட்டேன்."

அவன் நகர்ந்ததும் பான்ஃபிலோ கேட்டான். "அவனுக்கா அண்ணி? நீங்களா?"

"பாதியில நின்னா உங்கண்ணன் பாதி வேலையில சாரத்துலேர்ந்து விழுந்ததுதான் கண்ணுல வருது தம்பி. முடிக்காம இருக்க முடியல."

அதற்குப் பிறகு அந்தக் கோயிலில் அந்தப் பாட்டை யாரும் பாடவில்லை. பான்ஃபிலோவையே கிட்டார்ப் பாட்டோடுதான் அடக்கம் செய்தார்கள். அந்த ஊரில் கடைசியாக அதைக் கேட்டு, இளைப்பாற்றியையும் வாங்கிக்கொண்டு போனவர் அஸ்கானியோதான்.