ரிச்சாக ஓடிய வண்டி

1

இந்தக் கதை ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டதில் பிறந்தது. பிறகு நீங்களே கண்டுபிடித்துச் சிரிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு ஒர்க் ஷாப் வாசலில் காத்திருந்தேன். உள்ளே ஒரு பெண்குரல், "உன் வண்டி ரொம்ப ரிச்சா ஓடுதுடி" என்றது. அட, யாருக்கோ நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டேன். "அது தெரியாமலா வந்தேன்? என்ன பண்றதுன்னு சொல்லுக்கா" என்று இன்னொரு குரல் அழாக்குறையாகக் கேட்டது.

உள்ளே போகிற காற்றுக்குத் தேவையானதைவிட அதிகமாக எஞ்சின் பெட்ரோல் குடித்தால் அதற்கு 'ரிச்' என்று பெயராம். கரும்புகை வரும், பிளக்கில் கரி படியும், வண்டி இழுக்காது. வேளாவேளைக்கு அள்ளிப் போட்டும் தேறாத பிள்ளை மாதிரி.

2

எழுதி அடித்த தொடக்கங்கள் சில. "மழை வரும்போல் இருந்தது. தகரக் கூரையின் மேல்" (வேண்டாம். மழைக்கு இந்தக் கதையில் வேலையே இல்லை.) "அவளுடைய வாழ்க்கையும் அந்த எஞ்சினைப் போலவே" (ஐயோ.)

நேராகவே சொல்கிறேன். உள்ளே பேசியது அக்காவும் தங்கையும். ஒர்க் ஷாப் பெரியவளுடையது. பெட்ரோலில் ஓடும் அந்தச் சின்ன லாரி, அவள் தங்கையுடையது. சின்னவள் சொந்தமாக வாங்கி, சொந்தமாக ஓட்டுகிறாள். புகைப் பரிசோதனையில் வண்டி தோற்றுவிட்டது. நாளைக் காலை மறுபரிசோதனை. அதிலும் தோற்றால் வண்டி ரோட்டில் இறங்கக்கூடாது.

பெரியவளை எல்லாரும் 'மூக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். சைலன்சர் பக்கத்தில் குனிந்து முகர்ந்தே பாதி நோயைச் சொல்லிவிடுவாள். அந்தப் பெயரில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. கடைப் பலகையிலேயே எழுதி வைக்காததுதான் பாக்கி. தங்கையை ஒரு போல்ட்டைக்கூடத் தொட விட்டதில்லை. "ஓட்டுறது உன் வேலை, தொறக்கிறது என் வேலை" என்பாள்.

(முதல் வரைவில் பெரியவளுக்கு ஒரு கணவர் இருந்தார். பக்கத்துக்குப் பக்கம் டீ குடித்தாரே தவிர வேறொன்றும் செய்யவில்லை. வெளியே அனுப்பிவிட்டேன். நல்ல மனுஷன்தான்.)

3

பெரியவள் ஏர் பில்டரைக் கழற்றித் தட்டினாள், சுத்தம். பெட்ரோலைப் பீச்சுகிற இன்ஜெக்டர்கள் ஒழுகவில்லை. வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டினாள். எஞ்சின் சூட்டை அளக்கிற சென்சார், எஞ்சின் இன்னும் குளிர்ந்தே கிடக்கிறது என்றது. இவ்வளவு தூரம் ஓடி வந்த வண்டியா? 'மாட்டினியா' என்று மனதுக்குள் துள்ளினாள். குளிர்ந்த எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை ஊற்றும். சென்சார் பொய் சொல்கிறது, கம்ப்யூட்டர் அதை நம்பி ஊற்றுகிறது. அவ்வளவுதான்.

புது சென்சார் போட்டாள். அதுவும் அதையே சொன்னது.

"வேற ஒண்ணு மாத்திப் பாக்கலாமாக்கா?"

"வாய மூடுடி."

இன்னொன்று மாற்றினாள். அதுவும் அதையே சொன்னது. மூக்கு என்று பெயரெடுத்தவளுக்கு முகமே செத்துவிட்டது.

(இந்த இடத்தில் நானும் அவளோடு மாட்டிக்கொண்டேன். "திடீரென்று அவளுக்குப் பளிச்சென்று" என்று எழுதி அடித்தேன். பளிச்சென்றெல்லாம் எதுவும் வரவில்லை. சும்மா நின்றாள். அலுப்பில் கையை ரேடியேட்டரின் மேல் குழாயில் ஊன்றினாள்.)

குழாய் வெதுவெதுப்பாக இருந்தது. வண்டியை அணைத்து நன்றாக ஆறவிட்டு மறுபடி கிளப்பினாள். கையை எடுக்கவே இல்லை. தெர்மோஸ்டாட் என்கிற வால்வு, எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போக விடாது. ஆகவே இந்தக் குழாய் வெகுநேரம் சில்லென்று இருந்து, அப்புறம் ஒரேயடியாகச் சுட வேண்டும். இதுவோ கிளப்பியதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுத்தது. சென்சார் சொன்னது மெய். எஞ்சின் நிஜமாகவே சூடாகவில்லை.

"வால்வு தொறந்தபடியே மாட்டிக்கிச்சு" என்று சொல்லிக்கொண்டே ஸ்பேனரை எடுத்தாள். பின்னால் நின்ற சின்னவள் சத்தமில்லாமல் ரெண்டடி நகர்ந்தாள்.

4

வால்வின் மேல் மூடியைக் கழற்றினாள். உள்ளே வால்வே இல்லை.

வெறும் ஓட்டை. மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில், தண்ணீர் ஒழுகாமல் இருக்க வைக்கிற கேஸ்கட் தாள் மட்டும் புதிதாக இருந்தது. கடையில் வாங்கியதில்லை, கையால் வெட்டியது. தாளை இரும்பின் மேல் வைத்து, விளிம்பு நெடுக மெல்லத் தட்டித் தட்டி அறுத்தெடுத்த கேஸ்கட். பெரியவள் அப்படித்தான் வெட்டுவாள். தாளும் அவள் அலமாரியில் இருந்து போனதுதான்.

"யாருடி தொறந்தது?"

சின்னவள் இன்னும் ஓரடி நகர்ந்தாள்.

"நான்தான். மலை ஏறும்போது கொதிச்சிருச்சுக்கா. வால்வு மூடியே கெடந்துச்சு. ஆறவிட்டு, அதைக் கழட்டிட்டு, ரோட்டோரத்துலயே கேஸ்கட் வெட்டிப் போட்டு மூடிட்டு வந்தேன். எஞ்சின் கூலா இருந்தா நல்லதுதானேன்னு அப்படியே விட்டுட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சாமி ஆடுவே."

நியாயமான பயம். பெரியவள் புது வால்வைப் பொருத்தி, முடுக்கி, தண்ணீர் ஊற்றி, கிளப்பினாள். குழாய் வெகுநேரம் சில்லென்று இருந்து, பிறகு கையைச் சுட்டது. ஸ்கேனரில் சூடு ஏறியது. அழுக்கில்லாத துணியைச் சைலன்சர் வாயருகே பிடித்தாள், கரி ஒட்டவில்லை.

நாளை வண்டி தேறிவிடும். அதில் உங்களுக்கு இரண்டாவது முடிவெல்லாம் கிடையாது.

5

அப்போதுதான் சின்னவள் கேட்டாள். இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன்.

"அக்கா... நான் போட்ட கேஸ்கட் லீக் ஆச்சா?"

பயந்துபோய்க் கேட்டவள்தான். ஆனாலும் குரலில் ஒரு நிமிர்வு, அடக்கியும் அடங்கவில்லை. பெரியவள் கழற்றி வைத்திருந்த அந்தக் கேஸ்கட்டைக் கையில் எடுத்தாள். விளிம்பில் விரலை ஓட்டினாள். ரோட்டோரத்தில், சுத்தியல்கூட இல்லாமல், ஸ்பேனர் முனையால் தட்டியிருக்கிறாள் கழுதை. ஒரு பிசிறு இல்லை. என் தங்கச்சி என்று தெருவில் நின்று கத்தலாம்போல இருந்தது.

முடிவு அ: "திருட்டுக் கழுதை, என் தாளை எடுத்திருக்கே" என்று கத்துகிறாள். (நடக்கக்கூடியது. கண் மட்டும் சிரிக்கும்.)

முடிவு ஆ: அந்தக் கேஸ்கட்டைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டி (இல்லை, இது நான் செய்கிற அலங்காரம்.)

முடிவு இ: அவள்

உண்மையான பதில், "ஒரு சொட்டுகூட இல்லடி" என்பதுதான். இத்தனை வருஷத்தில் அடுத்தவர் வேலையைப் பற்றி அந்த வாய் அப்படிச் சொன்னதே கிடையாது. நான் எழுதிவிட்டால் அது என் சொல்லாகிவிடும். சின்னவள் காத்திருப்பது என் சொல்லுக்காக இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மூக்கு இருப்பாளே, அவள் குரலில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது.