நான்காவது கட்டம்

புரொபசர் அறை வாசலில் இருந்த நோட்டில் நான்கு கட்டங்கள்: தேதி, பெயர், வகுப்பு, காரணம். முதல் மூன்றையும் ஆவுடையப்பன் மளமளவென்று நிரப்பிவிட்டான். நான்காவதில் பேனா நின்றுவிட்டது.

என்ன எழுதுவது? குன்றாண்டார்கோவிலிலிருந்து புதுக்கோட்டைக் காலேஜுக்கு வந்து மூன்று மாதம். ஹாஸ்டலில் அவனோடு அறையில் இருந்தவன் இரண்டாம் வாரமே படிப்பை விட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு, வகுப்பில் ‘பிரசென்ட் சார்’ என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசாமல் கழிந்த நாட்கள் உண்டு. பிசைந்த சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறான். ஒரே வரியைப் பத்துத் தரம் படித்தாலும் ஏறுவதில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் சனிக்கிழமை ட்ரங்குப் பெட்டியோடு, கரிப்புகையில் ஓடுகிற ஊர் பஸ்ஸில் ஏறிவிடுவான். ஏறினால் திரும்பமாட்டான் என்பது அவனுக்கே தெரியும். இத்தனையையும் இரண்டு விரல் அகலக் கட்டத்தில் எப்படி அடைப்பது?

இருபது பையன்களுக்கு ஒரு புரொபசர் என்று காலேஜில் ட்யூட்டர் வைத்திருந்தார்கள். குறை எதுவானாலும் அவரிடம் சொல்லலாம். ஆவுடையப்பனுக்கு வாய்த்தவர் கணக்கு புரொபசர் ஆத்மநாதன். ஆனால் அவர் அறைக்குள் போக இந்த நோட்டைத் தாண்ட வேண்டும். வராந்தாவில் பியூன் ரெங்கசாமி காரணத்தை உரக்கப் படிப்பார். வாய்க்காலில் மடை திருப்புவதுபோல, காரணத்தைப் பார்த்து ஆளைத் திருப்பிவிடுவார்.

போன வாரம் ‘உடம்பு சரியில்லை’ என்று எழுதினான்.

“ஒடம்புன்னா ஆஸ்பத்திரிங்க தம்பி. அங்கிட்டுப் போங்க.”

ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டில் கசப்பு மிக்ஸ்சர் கொடுத்தார்கள். திங்கட்கிழமை ‘ஊருக்குப் போக வேண்டும்’ என்று எழுதினான்.

“லீவெல்லாம் ஆபீசுல.”

கிளார்க் அப்பாவின் கையெழுத்தைக் கேட்டார். நேற்று ‘மனசு சரியில்லை’ என்று எழுதினான். பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரெங்கசாமி வாயைத் திறப்பதற்குள் அதை அடித்துவிட்டு ஓடிவந்துவிட்டான்.

இன்று பெஞ்ச் காலி. ரெங்கசாமியும் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். ஆவுடையப்பன் பக்கங்களைப் பின்னால் புரட்டினான். உள்ளே போய்வந்தவர்களின் பெயருக்கு நேரே புரொபசர் சிவப்பு மையில் சுருக்கொப்பம் போட்டிருந்தார். அந்த வரிகளை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தான். எல்லாவற்றிலும் ஒரே காரணம்: ‘கணக்கில் சந்தேகம்.’

நியாயந்தான், கணக்கு புரொபசர் ஆயிற்றே. ஆனால் ஒரு பெயரில் விரல் நின்றது. அழகுமலை, ஹிஸ்டரி குரூப். ஒரு மாதத்தில் ஐந்து தடவை.

“இவனுக்கு ஏது கணக்கு?”

வாய்விட்டே கேட்டுவிட்டான். ஹிஸ்டரி குரூப்புக்குக் கணக்குப் பாடமே கிடையாது. ஆவுடையப்பனும் அதே குரூப்தான். சாப்பாட்டுப் பந்தியில் எல்லோரையும் சிரிக்க வைக்கிற அழகுமலை! இன்னும் புரட்டினான். கணக்கே படிக்காத ஏழு பேருக்குக் கணக்கில் சந்தேகம் வந்திருந்தது.

ஏழு பெயர்களையும் மறுபடி ஒருமுறை படித்தான். பிறகு நான்காவது கட்டத்தை நிரப்பினான்.

ரெங்கசாமி குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் படித்தார். “ஆவுடையப்பன், ஹிஸ்டரி குரூப், கணக்கில் சந்தேகம்.” முகத்தில் சிரிப்பில்லை.

“ஹிஸ்டரிக்காரவுகளுக்குத்தான் இந்தக் காலேஜுல கணக்கு ரொம்ப இடிக்குது. போங்க தம்பி. கதவச் சாத்திக்கங்க.”

வழி இதுதான்: காரணக் கட்டத்தில் ‘கணக்கில் சந்தேகம்’ என்று எழுத வேண்டும், உள்ளே போனதும் கதவைச் சாத்த வேண்டும், பிறகு “மூணு மாசமா நான் யாருகிட்டயும் பேசலீங்க சார்” என்று ஆரம்பிக்க வேண்டும்.