அடுத்தது எப்படிக் கெடும்

கார்சினியின் கண்ணுக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். ஓடும் பட்டையில் கறுப்பு ரப்பர் வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒன்றுபோல இருந்தால் விட்டுவிட வேண்டும், ஒன்று மாறியிருந்தால் எடுத்துச் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். சிக்காராங் என்ற ஆலை ஊரில் கார்களுக்கு வளையம் செய்கிற அந்த ஆலையில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு இதுதான் பிழைப்பு. கடையில் தக்காளி பொறுக்கினாலும் கை அப்படித்தான் போகும்.

அதனால் அவள் புருஷன் தர்கிம் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் தாளை விரித்து, வரிசையாக நாலு கட்டங்களைக் காட்டி, ஐந்தாவதாக எது வரும் என்று கேட்டபோது, நாலாவதைப் போலவே இருந்ததைத் தொட்டாள்.

“இது.”

“ஏன்?”

“அப்படியே இருக்கு. நல்ல சரக்கு.”

தர்கிம் பொரித்த சோயாத் தெம்பே துண்டை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தான். “நல்லது எதுன்னு கேக்கல தாயே, அடுத்தது எதுன்னு கேக்குறான். இந்தப் புள்ளியப் பாரு. மேல இந்த மூலையில இருந்துச்சு. அப்புறம் அந்த மூலைக்குப் போச்சு. அப்புறம் கீழ எறங்குச்சு. நடக்குதுல்ல?”

“புள்ளி எதுக்கு நடக்கணும்? இருந்த எடத்துல இருந்தா சோறு கெடைக்காதா?”

“இருந்த எடத்துல இருந்தா என்ன கெடைக்கும்னு என்னைக் கேளு. நான்தான் மூணு வருஷமா இருக்கேனே.”

அவன் வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள். ஆண்பிள்ளைக்கு அந்த ஊரில் வேலை குதிரைக்கொம்பு. சமையலும் மகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவதும் அவன் பாடு. ஆலைக்குப் போவது அவள் பாடு. அந்த வாடகை அறை வரிசையில் பாதி வீடுகள் அப்படித்தான் ஓடின. ஆலை வாசலில் விற்கிற வினாத்தாள் நகலை வாங்கி வந்தவன் அவன்தான். பகலெல்லாம் அதைப் போட்டுப் போட்டு, முக்கோணமும் வட்டமும் அவனுக்குச் சொன்னபடி கேட்கத் தொடங்கிவிட்டன. தேர்வு எழுத வேண்டியவளுக்கோ தாளைப் பார்த்ததும் இமை தொங்கியது.

சிக்கோதெஸ் என்று எல்லோரும் சொல்லும் ஆலையின் அந்த மனத்திறன் தேர்வை அவள் போன வருஷமே எழுதித் தவறவிட்டாள். இந்த முறை தேறினால் நிரந்தரம். தவறினால் நோன்புப் பெருநாளோடு ஒப்பந்தம் முடிந்து வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். முப்பது தாண்டியவளின் விண்ணப்பத்தை வேறு எந்த ஆலையும் கையால் தொடாது. வீட்டில் சம்பாதிக்கும் ஆள் அவள் ஒருத்தி. இதை யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்லவில்லை. தர்கிம் தினமும் தாளை விரித்தான், அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் அவள் தலை தாளின்மேல் கவிழ இருந்தது. அடுத்தடுத்து மூன்று வட்டங்கள். முதல் வட்டத்தின் விளிம்பில் சின்ன வெட்டு. இரண்டாவதில் வெட்டு அகலம். மூன்றாவதில் வெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிசிறு.

“இது அச்சு தேயுற மாதிரியில்ல இருக்கு,” என்றாள்.

“எந்த அச்சு?”

“வளையம் ஊத்துற அச்சு. தேய ஆரம்பிச்சா மொதல்ல மயிர் மாதிரி ஒரு வெட்டு விழும். அப்புறம் அது வாயப் பொளக்கும். அப்புறம் பக்கத்துல பிசிறு கட்டும். அடுத்ததுல பிசிறு ரெண்டாயிடும்.” தொட்டுக் காட்டினாள். “இது.”

தர்கிம் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான். “சரி. இதுக்குச் சொல்லு.”

அன்றைக்கு வழி திறந்துகொண்டது. எது சரி என்று தேடுவதை விட்டாள். அடுத்தது எப்படிக் கெடும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். ஒரு கோடு கூடினால் இன்னொன்று கூடும். சாய்ந்தது இன்னும் சாயும். கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டவை மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. எந்த அச்சும் அப்படித் திரும்பாது.

வினை அங்கிருந்துதான் பிடித்தது. பட்டையில் அவளுக்கு அடுத்த இருக்கை இமாஸுடையது. கார்சினி பார்த்து விட்டதை இமாஸ் மறுபடி பார்ப்பாள்; இமாஸுக்குப் பிறகு பெட்டி கட்டும் இடம்தான். இருபத்துநாலு வயது, வாய் மூடாது. ஒருநாள் அவள் குனிந்து சொன்னாள்:

“அக்கா, ஒன் குப்பையெல்லாம் எங்கிட்ட வருது.”

“என்ன குப்பை?”

இமாஸ் வெட்டு விழுந்த மூன்று வளையங்களை விரலில் மோதிரம்போல் மாட்டிக் காட்டினாள். “எனக்கு நிச்சயதார்த்தமா? வரிசையா அனுப்பியிருக்க.”

கார்சினி வளையங்களை வாங்கிப் பார்த்தாள். மூன்றையும் அவள் பார்த்திருந்தாள். பார்த்து, அடுத்தது எப்படி வரும் என்று யோசித்து, வந்ததும் தான் நினைத்தது சரியென்று திருப்திப்பட்டு, எதையும் எடுக்காமலே விட்டுவிட்டாள்.

“அந்தப் பாழாப்போன படங்கதான். கண்ணு அங்கேயே நிக்குது,” என்றாள்.

“மேற்பார்வைக்காரன் காதுல விழுந்தா தேர்வுக்கு முன்னாடியே அனுப்பிடுவான். சும்மா இரு. பரீட்சை முடியுற வரைக்கும் நான் பாத்துக்குறேன்.”

“நீயும்தானே எழுதுற?”

“எனக்கென்ன, சின்னப் பொண்ணு. ஒன்னை மாதிரி கெழவியா? போறபோக்குல எழுதிருவேன்.”

அதன்பிறகு இரண்டு பேர் வேலையை இமாஸின் கண் பார்த்தது. இடைவேளையில் மற்ற பெண்கள் வினாத்தாளோடு உட்கார்ந்தபோது அவள் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். கார்சினி தன் தாளைக் கொடுத்தாள். “கறுப்பா எதுவும் காட்டாத அக்கா, வாந்தி வருது,” என்று இமாஸ் தள்ளிவிட்டாள்.

தேர்வைக் காலை ஷிஃப்ட் முடிந்த கையோடு சாப்பாட்டுக் கூடத்தில் வைத்தார்கள். மேசையில் இன்னும் மிளகாய்ச் சம்பல் வாடை இருந்தது. தேர்வு நடத்த வெளியிலிருந்து வந்திருந்த அம்மாள், எல்லோரும் இபு என்று கூப்பிட்டவர், கையில் நேரக்கருவியோடு நின்றார். “பேசினா தாளை வாங்கிடுவேன். பக்கத்துல பாத்தாலும் வாங்கிடுவேன். முடியாட்டி விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க.”

எண்களும் சொற்களும் எப்படியோ கழிந்தன. படங்கள் வந்ததும் கார்சினி மூச்சை இழுத்துக்கொண்டாள். கெடும், இன்னும் கெடும், இதோ இப்படி. கறுப்புப் பென்சில் ஓடியது. ஒரு திருப்பிப் போட்ட படத்தில் சிக்கி நிமிர்ந்தபோதுதான் இமாஸைப் பார்த்தாள். எதிர் பெஞ்சில், கை எட்டாத தூரம், கால் எட்டும் தூரம். கன்னத்தில் கையூன்றி, பென்சிலைப் பிடித்தபடியே, இமாஸ் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இருமலாமா என்று நினைத்தாள். காலால் தட்டலாம். இபு இந்த வரிசைக்குத்தான் வந்துகொண்டிருந்தார். அவர் தாண்டட்டும், அதற்குள் இந்த ஒன்றைப் போட்டுவிடலாம். போட்டாள். அடுத்தது எளிதாக இருந்தது, அதையும் போட்டாள். இபு தாண்டிப் போயிருந்தார். அடுத்தது முக்கோணம் சாய்வது, அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இதைப் போட்டுவிட்டுத் தட்டலாம். பக்கம் திரும்பியது. மகளுக்குப் பள்ளிச் சீருடை சிறுத்துப் போனது ஏனோ நினைவுக்கு வந்தது. இன்னும் ஒன்று. கால் பெஞ்சுக்கு அடியில் நீளத்தான் செய்தது, பாதியில் நின்றது.

“பென்சிலைக் கீழே வைங்க.”

இமாஸ் திடுக்கிட்டு விழித்தாள். யாரையும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் பெயர்களைப் பலகையில் ஒட்டினார்கள். கார்சினியின் பெயர் இருந்தது, இமாஸின் பெயர் இல்லை. தர்கிமுக்குப் போனில் சொன்னாள். “இனிமே அந்தப் புள்ளிங்க எங்க வேணா நடக்கட்டும்,” என்றான்.

உடை மாற்றும் அறையில் இமாஸ் காலணி மாட்டிக்கொண்டிருந்தாள். பெருநாள் வரை அவளுக்கு வேலை உண்டு.

“விருந்து எப்போ அக்கா? வெறும் தெம்பேன்னா நான் வரல.”

கார்சினி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தூங்கிட்டேன் தெரியுமா,” என்றாள் இமாஸ். “படம் வந்துச்சு, பாத்தேன், அவ்வளவுதான். என்னை மாதிரி ஒரு கழுத உண்டா? நீ எப்படி, குனிஞ்ச தலை நிமிராம எழுதியிருப்ப.”

அப்படியே விட்டிருக்கலாம். ஆம் என்று தலையை ஆட்டினால் தீர்ந்தது.

“பாத்தேன்,” என்றாள் கார்சினி. “நீ தூங்குறதப் பாத்தேன். இன்னும் ஒண்ணு போட்டுட்டு எழுப்பலாம்னு இருந்தேன்.”

இமாஸின் கை காலணிக் கயிற்றில் நின்றது.

“எத்தன போட்ட?”

“தெரியல. மணி ஆகுற வரைக்கும்.”

“அதுலதான் பாஸாயிருப்பியோ?”

“இருக்கும்.”

இமாஸ் முடிச்சைப் போட்டாள். ரொம்ப இறுக்கிப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டாள். அவள் கண்ணில் இன்னும் சிவப்பு வடியவில்லை.

“கால்ல ஒரு ஒத வுட்டிருக்கலாம் அக்கா,” என்றாள், சாதாரணமாக. “அதுக்கெல்லாம் தாள வாங்க மாட்டாங்க.”

“ஆமா.”

“எனக்குப் பெருநாளோட இருபத்தஞ்சு ஆயிடும். அதுக்கு மேல புதுசா எடுக்க எந்த ஆலையும் யோசிக்கும்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு பாதியில் விட்டுப்போனது. “போன வருஷமே கட்டிக்கிறேன்னு வந்தவனை வெரட்டுனேன். எங்க இருக்கானோ.”

ஷிஃப்ட் மணி அடித்தது. இமாஸ் எழுந்து முக்காட்டுக்கு மேல் வலைத்தொப்பியை மாட்டினாள். கார்சினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“வேணாம் அக்கா. இன்னைக்கு ஒன்னோட பேச முடியாது. நாளைக்குப் பாக்கலாம்,” என்று சொல்லிவிட்டு, மேற்பார்வைக்காரரிடம் போய் வேறு பட்டையில் இடம் கேட்டாள். அவர் எதற்கென்று கேட்கவில்லை, கையைக் காட்டினார். கார்சினிக்கு அடுத்த இருக்கையில் யாரோ ஒருத்தி வந்து உட்கார்ந்து, “வணக்கம் அக்கா,” என்றாள். பட்டை ஓட ஆரம்பித்தது.