மாப்பிள்ளைக்குச் சொட்டுத் தண்ணீர்

அந்தப் பச்சோந்தியை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் புண்ணியவதி என்று நினைக்க வேண்டாம்.

பக்கத்து வீட்டு முருங்கையை வெட்டியபோது, முன்கால் ஒன்று அடிபட்டு எங்கள் சாயப்பட்டறை வாசலில் வந்து விழுந்தது அது. என் வீட்டுக்காரர் பிரபாகரன் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். கொதிக்கிற தொட்டியை அப்படியே விட்டுவிட்டு, அதைத் துண்டில் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தார். தரையில் விட்டதும் அது ஒரு அடி எடுத்து வைக்க மூன்று தடவை யோசித்தது, கண்ணை மட்டும் நாலா பக்கமும் உருட்டியது.

"தெள்ளார் மாப்பிள்ள விருந்துக்கு வந்த மாதிரியே கீது" என்றேன். போன தை மாதம்தான் மகளைத் தெள்ளாரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவர் சிரித்தார். மாப்பிள்ளை என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது.

மகள் போன பிறகு எங்கள் வீட்டில் பேச்சே இல்லை. நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒரு "ம்" போடுவார். மாப்பிள்ளையிடம் மட்டும் வாய் ஓயாது. "இன்னிக்கு இன்னாடா வேப்பங்கொழுந்து கலர்ல கீற?" என்பார். "ஆத்தங்கரையில வெட்டுக்கிளியே இல்லடா, உனக்காக அலைஞ்சிகினு வரேன்" என்பார். எனக்கு வயிறு எரிந்தது. போயும் போயும் ஒரு பச்சோந்தியோடு போட்டியா என்று கேட்காதீர்கள். எரிந்தது, அவ்வளவுதான்.

ஒரு நாள் அது சமையலறை அலமாரியில் ஏறி உட்கார்ந்திருந்தது. அதுதான் சாக்கு என்று, அது உட்கார அவர் கூடத்தில் வைத்திருந்த கிளையை அதோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டில் கட்டிவிட்டேன். சாயம் போட்ட நூலை ஈரத்தோடு காயப்போடுகிற மூங்கிலுக்கு நேர் கீழே. அவர் வந்து பார்த்தார். கிளைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் வைத்தார்.

நூலிலிருந்து சொட்டுவதை அது நாக்கை நீட்டி நக்கியதை ஒரு தடவை பார்த்தேன். "மாப்பிள்ளைக்குப் பட்டு வேஷ்டி கேக்குது" என்று எனக்குள் சிரித்துக்கொண்டு துணி துவைக்கப் போய்விட்டேன்.

மூன்றாவது வாரம் மாப்பிள்ளை வெட்டுக்கிளியைத் தொடவில்லை. கண் இரண்டும் குழிக்குள் போய்விட்டன. பச்சையெல்லாம் வற்றி அடுப்புச் சாம்பல் நிறமாகிவிட்டது. அவர் பட்டறைக்குப் போகாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு எத்தினு போலாங்க" என்றேன்.

"வாணாம் சசி. இத வளக்கவே கூடாதாம். ஃபாரஸ்ட்காரங்க எடுத்துகினு பூடுவாங்க."

"செத்துட்டா மட்டும் உங்க கூடவே இருக்குமா?"

என் வாய் அப்படி. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது. மகள் கார் ஏறின அன்றைக்குத்தான் அவர் கண்ணை அப்படிப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மாப்பிள்ளையை ஈரத்துண்டில் சுற்றிச் சாப்பாட்டுக் கூடையில் வைத்து, நானே ஆட்டோ பிடித்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் இளமதிக்கு என் மகள் வயதுதான் இருக்கும். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"தண்ணி எப்படிம்மா வெக்கிறீங்க?"

"கிண்ணத்துலதாங்க. தொடறதே இல்ல."

"நிக்கிற தண்ணி இதுக்குத் தண்ணியாவே தெரியாது. இலையில சொட்டுச் சொட்டா விழுந்தாத்தான் குடிக்கும்."

சொல்லிக்கொண்டே மெதுவாக அதன் வாயைத் திறந்தாள். நாக்கு நீலமாக இருந்தது. இரண்டு வாரமாக எங்கள் மூங்கிலில் தொங்குகிற மயில்கழுத்து நீலம் அது. தாகத்தில் வேறு சொட்டு கிடைக்காமல் அந்தச் சாயத் தண்ணீரைக் குடித்திருக்கிறது. அங்கே கட்டியவள் நான்.

டாக்டரிடம் மறைக்காமல் சொன்னேன். தோலுக்கடியில் தண்ணீர் ஊசி போட்டாள். "சாயம் உள்ள இன்னா பண்ணியிருக்குன்னு இப்ப தெரியாதும்மா. டெய்லி எடுத்துட்டு வாங்க. மணிக்கொரு தரம் சுத்தமான தண்ணி சொட்டு விடுங்க. ஃபாரஸ்ட்ல நானே பேசறேன், தேறினதும் குடுத்துடணும்."

வீட்டுக்கு வந்து அவரிடம் சொட்டுத் தண்ணீர் சங்கதியையும், தேறினதும் ஃபாரஸ்டில் கொடுக்க வேண்டியதையும் மட்டும் சொன்னேன். நாக்கு நீலமானதைச் சொல்லவில்லை.

கிளையை வீட்டுக்குள் கொண்டுவந்து, செம்பருத்தி இலையில் சொட்டு விட்டு மூக்குக்கு நேரே பிடித்தோம், மாற்றி மாற்றி. இரண்டு நாள் அது வாயே திறக்கவில்லை. செத்துத் தொலைக்காதே என்று நான் கெஞ்சினேன், எனக்குத் தெரிந்த கெஞ்சல் அவ்வளவுதான். மூன்றாம் நாள் இலையை ஒரு தடவை நக்கியது. நான்காம் நாள் அவர் கையில் வைத்திருந்தபோது தானாகவே வாயைத் திறந்தது.

அவர் நாக்கைப் பார்த்தார். முப்பது வருஷமாக நிறம் பார்க்கிற கண். பின்கட்டு மூங்கிலைத் திரும்பிப் பார்த்தார், பிறகு என்னை.

"நான்தாங்க அங்க கட்டனேன்" என்றேன். "அது நக்கறதயும் பாத்தேன். பாத்துட்டு சிரிச்சிகினே போனேன்." சொல்லிவிட்டு அழுதேன்.

கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் செம்பருத்தி இலையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"கலர கலக்கனது நானு" என்றார். "சொட்டு வுடு சசி. வாயத் தெறந்துகினே கீது பாரு."

அடுத்த வாரம் கண் பழையபடி வெளியே வந்தது, வெட்டுக்கிளி தின்றது. முழுப் பச்சை இல்லை, வெளிறின பச்சை. அது போதும் என்றாள் டாக்டர். வனக்காவலர் முருகேசன் ஓட்டை போட்ட பெட்டியோடு வந்தார்.

"கிண்ணத்துல தண்ணி வெக்காதீங்க சார்" என்றார் என் வீட்டுக்காரர். இதையே மூன்று தடவை சொன்னார்.

"ஒரு வாரம் வெச்சிப் பாத்துட்டு மலையடிவாரத்துல வுட்டுடுவோம். கவலப்படாதீங்க" என்று சொல்லிப் பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினார் முருகேசன்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றில் கை வைக்கவில்லை.

"மலையில மழ பேஞ்சா எலையில சொட்டு நிக்கும் இல்ல சசி?"

"நிக்கும்."

"மழ இல்லன்னாலும் வெடிகாலையில பனி வுழும்."

"வுழும்ங்க."

பிறகு அதன் கால், அதன் நடை, பயந்தால் அது மாறுகிற நிறம் என்று பேசிக்கொண்டே இருந்தார். கல்யாணமானதிலிருந்து என்னிடம் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. எல்லாம் அதைப் பற்றித்தான். சோறு ஆறிப்போனது. நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.