மூன்றாவது கையெழுத்து

கிட்டுசாமிக்கு ஊரைக் கூட்டாமல் எதையும் செய்யத் தெரியாது. மனைவி நாகரத்தினத்துக்கு வேலை போனதைக்கூட விழாவாக எடுத்துவிட்டார். ஓக் ட்ரீ ரோட்டில் ஓர் உணவகத்தின் பின்கூடம், அறுபது பேருக்கு மதியச் சாப்பாடு, ‘ஹேப்பி ரிட்டயர்மென்ட்’ என்று எழுதிய கேக். அமெரிக்காவின் எடிசன் நகரத் தமிழர்களில் வேலை போனவர் என்று ஒருவரும் கிடையாது. ‘நானே விட்டுட்டேன்’, ‘கொஞ்சம் பிரேக் எடுக்கறேன்’ என்பவர்கள்தான் உண்டு. அந்தப் பட்டியலில் மனைவியையும் நைசாகச் சேர்த்துவிட்டார் மனிதர்.

நாகரத்தினம் பட்டுச்சேலை கட்டி, வாழ்த்துகளை வாங்கிக்கொண்டு, உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டில்களை ஏற்றி இறக்கும் சின்ன மோட்டார்களுக்குப் பதினாறு வருடம் செப்புக் கம்பி சுற்றும் வைண்டிங் வேலை செய்தவள். அவள் கை பட்ட மோட்டார் ஒன்றுகூடப் பழுது என்று திரும்பி வந்ததில்லை. வெளிநாட்டு மோட்டார் பாதி விலைக்கு வந்து இறங்கியதும் வாங்குகிறவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். 2021 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, முப்பத்தெட்டு பேரை ஃபேக்டரி வீட்டுக்கு அனுப்பியது.

கேக் வெட்டக் கத்தியை எடுத்த நேரத்தில் ரஹ்மத் உள்ளே வந்தாள். அதே ஃபேக்டரியில் மோட்டார்களை டெஸ்ட் பண்ணியவள். கையில் ஒரு ஃபைல்.

“அக்கா, நம்ம ஃபேக்டரி நஞ்சுண்டன் பேக் அவுட் பண்ணிட்டாரு. கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணிருக்காராம், வம்பாயிடும்னு பயப்படுறாரு. இப்ப ஒரு கையெழுத்துக் குறையுது.”

இறக்குமதியால் வேலை இழந்தவர்களை அரசு புதுத் தொழில் படிக்க வைக்கும். படித்து முடிக்கும்வரை உதவித்தொகையும் தரும். அதற்கு அந்த ஃபேக்டரி ஆட்கள் மூன்று பேராவது சேர்ந்து மனுப் போட வேண்டும். மனு தேறினால் முப்பத்தெட்டு பேருக்கும் வழி திறக்கும். ரஹ்மத்தும் பேக்கிங்கில் இருந்த ரோசாவும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அடுத்த ஜூனோடு திட்டமே நின்றுவிடும் என்ற பேச்சு வேறு. முதலில் நாகரத்தினத்தைக் கேட்கத்தான் போன் போட்டாள் ரஹ்மத். ‘அவ ரிட்டயர் ஆயிட்டாம்மா’ என்று கிட்டுசாமியே போனை வைத்துவிட்டார்.

இப்போதும் அவர்தான் குறுக்கே வந்தார். “அப்பறம் பாத்துக்கலாம்மா, எல்லாரும் பாக்கறாங்க.” பிறகு மனைவியின் காதருகே குனிந்து, “கவர்மெண்டுகிட்டக் கையேந்தோணுமா நாகு? நம்ம மானம் என்னாகறது?” என்றார்.

நாகரத்தினத்துக்குச் சுருக்கென்றது. அவர் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டாள்.

“எல்லாரும் மன்னிக்கோணுங்க. நான் ரிட்டயர் ஆகலீங்க. என்னைய லே ஆஃப் பண்ணிட்டாங்க. திருடுனேன்னு அனுப்பல, தூங்குனேன்னு அனுப்பல. பதினாறு வருசத்துல என்ற மோட்டார் ஒன்னு திரும்பி வந்ததில்லீங்க. இதுல ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது?”

கேக்கைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த மேசை மேலேயே ஃபைலைப் பிரித்து, முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினாள். பேனாவை மூடும்போது அவளுக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்தது.

முதலில் எழுந்து வந்தவர், பார்சிப்பனி ஊரிலிருந்து வந்திருந்த ஸ்ரீநிவாசன். பெரிய கம்பெனியில் சாஃப்ட்வேர் மேனேஜர் என்று பேர். “எங்க டீமோட வேலையும் வெளிநாட்டுக்குத்தான் போச்சு. எனக்கும் இதுல சான்ஸ் இருக்குமா மேடம்?” என்று ரஹ்மத்திடம் தணிந்த குரலில் கேட்டார். “என் வேலை மார்ச்லயே போயிடுச்சு.” பக்கத்தில் நின்ற அவர் மனைவிக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

கிட்டுசாமி மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். நாகரத்தினம் கண்டுகொள்ளவில்லை. அவள் கவலையெல்லாம் அந்த மனு தேறுமா, தேறாதா என்பதுதான்.

பிப்ரவரியில் பதில் வந்தது. மனு ஏற்கப்பட்டது; முப்பத்தெட்டு பேரும் சேர்த்தி. படிப்புக்கு முதல் ஆளாகப் போய் நின்றவர், பயந்து ஓடிய அதே நஞ்சுண்டன். நாகரத்தினம் ஆஸ்பத்திரிக் கருவிகளை ரிப்பேர் பார்க்கும் படிப்பை எடுத்தாள். ஆனால் அன்று அவளை அழ வைத்தது படிப்பு இல்லை. அந்தக் கடிதத்தில் இருந்த ஒரு வரி: போட்டியாக வந்த இறக்குமதியே இவர்கள் வேலை இழக்கக் காரணம் என்று அரசாங்கமே எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தது.

கிட்டுசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு தடவை படித்தார். பிறகு யாரும் சொல்லாமலே, ஈரோட்டில் இருக்கும் தன் அண்ணனுக்குப் போன் போட்டார். பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

“அண்ணா, நம்ம நாகுவுக்கு வேலை போயிருச்சுங்க! தப்பு அவ மேல இல்லைன்னு அமெரிக்கா கவர்மெண்டே எழுதிக் குடுத்திருக்குது. இருங்க, படிக்கறேன்.”